சிவப்பு மையில் 18,604

நேற்று இரவு பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் வார வரைபடத்தை எடுத்து, அதன் ஏற்ற இறக்கங்களை எலியட் முறைப்படி மறுபடி அலைகளாக எண்ணினேன். 2020 மார்ச்சில் 7,511. அங்கிருந்து 2021 அக்டோபரில் 18,604. பிறகு எட்டு மாதச் சறுக்கல். 2022 ஜூனில் 15,183. ஏறியதில் மூன்றில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. ஏற்றம் முதல் அலை, சறுக்கல் இரண்டாவது என்பது என் கணக்கு.

எலியட் அலைகளை ஜோசியம் என்று ஒதுக்குகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. 1930களில், நோயோடு போராடியபடி பழைய விலை வரைபடங்களைப் புரட்டிய கணக்காளர் ரால்ஃப் நெல்சன் எலியட். ஐந்து அலையாக முன்னேற்றம், மூன்று அலையாகத் திருத்தம் என்று கூட்டத்தின் மனத்தைப் படித்தவர். விதிகளும் கறாரானவை. இரண்டாம் அலை, முதல் அலை தொடங்கிய இடத்துக்குக் கீழே போகக்கூடாது. ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய அலைகளில் மூன்றாவது மிகக் குட்டையாக இருக்கக்கூடாது. நான்காவது, முதல் அலையின் உச்சிக்குக் கீழே இறங்கக்கூடாது. ஒரு விதி உடைந்தாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

ஒரே வரைபடத்தை இருவர் இருவிதமாக எண்ணுவார்கள், உண்மை. ஆனாலும் என் கணிப்பு எந்த விலையில் பொய்யாகும் என்பதைப் பணம் போடும் முன்பே சொல்லிவிடுகிறதே, அதற்காகவே இதை மதிக்கிறேன். நோட்டில் அந்த விலையைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்: முதல் அலையின் உச்சி, 18,604. 2025 ஏப்ரலில் சந்தை 21,743 வரை சரிந்தபோதும் அதைத் தொடவில்லை.