"கற்றுக்கொடுத்தார்" என்றேன்

நார்வே பியானோ கலைஞர் அகாதே பாக்கர் கிரோன்டாலைப் பற்றிச் சொன்னபோது, "காது போன பிறகு அவர் என்ன செய்தார்?" என்று என் பியானோ மாணவி கேட்டாள். "கற்றுக்கொடுத்தார்" என்றேன். உண்மைதான். ஆனாலும் அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

அவளுக்குச் செவிக்கருவி பொருத்திய புதிது. இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டாள். நேராகப் பதில் சொல்லாமல் அகாதேயின் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினேன். 1847-இல் நார்வேயின் ஹோல்மஸ்ட்ராண்டில் பிறந்தவர். பெர்லினில் பியானோ ஆசிரியர் குல்லாக்கிடம் படித்தார். எங்கள் ஓஸ்லோவுக்குக் கிறிஸ்டியானியா என்று பெயர் இருந்த 1868-இல், இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் இசைக்குழுவை நடத்த, அங்கே மேடையேறினார். அப்புறம் அக்காலத்தின் பெரிய பியானோ கலைஞர்களான பியூலோவிடம் ஃபுளோரன்ஸிலும் லிஸ்டிடம் ஜெர்மனியின் வைமாரிலும் பாடம். லண்டன் வரை போய் வாசித்தார், நூற்றுக்கணக்கில் இசை எழுதினார். கடைசி ஆண்டுகளில் காது அநேகமாக முழுக்கவே போய்விட்டது. 1901-இல் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வாசித்ததோடு மேடை முடிந்தது. அதன்பின் 1907-இல் இறக்கும்வரை ஆசிரியர்.

இதை ஆறுதலாகத்தான் சொன்னேன். மேடை இல்லாவிட்டாலும் இசை இருக்கும் என்று அவளுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் வாசிப்பதைவிடக் கற்பிப்பதற்கே காது அதிகம் வேண்டும் என்பது என் அனுபவம். தானே வாசிக்கும்போது எந்த அழுத்தத்துக்கு எந்த ஒலி வரும் என்று விரலுக்குத் தெரிந்திருக்கும். மாணவர் பெடலை, அதாவது ஒலியை நீட்டிக்கக் காலால் அழுத்தும் மிதியை, சற்றுத் தாமதமாக விட்டால், முந்தைய ஸ்வரங்கள் அடுத்ததோடு எவ்வளவு கலங்கின என்பதைக் காது மட்டுமே சொல்லும். அகாதேக்கு அந்தக் கடைசி ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும்? மணிக்கட்டு இறுகுவதும் தோள் உயர்வதும் கண்ணுக்குத் தெரியும். நல்ல ஆசிரியர் அதை வைத்தே எவ்வளவோ திருத்தலாம். சரி, அதுவும் உண்மைதான். இன்னொன்றும் உறுத்துகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் இருந்து, ஐம்பதைத் தாண்டி விலகியவரை, இன்னும் தொடங்காத பெண்ணுக்கு எப்படி உதாரணமாகக் காட்டினேன்?

அவளே அடுத்துக் கேட்டாள்: "பிடித்துத்தான் செய்தாரா?" மேடையில் இருந்த காலத்திலேயே அவர் மதிக்கப்பட்ட ஆசிரியர் என்றேன். அவள் கேட்டது அதுவல்ல.

பதினேழு வயதுப் பெண்ணிடம் அந்த நேரத்தில் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. அவள் விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். என் பேச்சால்தானா என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் இப்போது பெடலைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன்; அது அவளுக்காகவா, என் மன நிம்மதிக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.