அப்பாவும் நுகத்தடியும்

வாரம் இரண்டு தடவை அப்பாவை மேலூரிலிருந்து மதுரைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். என் மடியில் எப்போதும் ஒரு டிபன் பை. உள்ளே சோறு இல்லை. ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில் அப்பாவின் ரத்த ஊசி. போன சித்திரை வெயிலில் ஒரு மருந்துக்கடையில் அதை வெறும் கவரில் போட்டு நீட்டினார்கள். சண்டை போட்டுத்தான் ஐஸ் வாங்கினேன்.

"ஏத்தா, கிட்னி கெட்டா ரத்தம் ஏன் குறையுது?" என்றார் அப்பா பஸ்ஸில்.

நான் பிளஸ் டூவுக்கு உயிரியல் பாடம் நடத்துகிறவள். அவர் முப்பது வருஷம் மாட்டுவண்டி ஓட்டியவர். அதனால் மாட்டை வைத்தே சொன்னேன். சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு ஆகப்போகிற செல்களின் மேல் அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், அதாவது ஏற்பிகள், இருக்கின்றன. ஓர் ஏற்பி ஒற்றை மாடு, வண்டி நகராது. ஹார்மோன் நுகத்தடி மாதிரி இரண்டைச் சேர்த்துப் பிடித்தால்தான் உள்ளே ஜாக்2 என்ற நொதி முடுக்கிவிடப்பட்டு, செல் பெருகிச் சிவப்பணுவாகும். ஊசியில் இருப்பதும் அதே நுகத்தடிதான். 1977இல் இதை முதன்முதலில் சுத்தமாகப் பிரித்தெடுக்க, ஜப்பானில் ரத்தசோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரைச் சேர்த்தார்கள் என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"நுகத்தடிதான் வேணுமா? வேற கட்டைய வச்சுப் பூட்டினா?"

1990களில் ஆய்வகங்களில் செய்து பார்த்தது இதைத்தான். ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் புரதம்; அதற்குக் கவட்டை மாதிரி இரண்டு கை. அது ஏற்பியைப் பிடித்தால் வழியை அடைக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் சில ஆன்டிபாடிகள் கைக்கு ஓர் ஏற்பியாகப் பிடித்து, ஹார்மோன் இல்லாமலே வண்டியை ஓட்டின. ஒரு கையை மட்டும் வெட்டி விட்டால் பிடிக்கும், ஓட்டாது. இரண்டு கை இருந்தும் ஓட்டாதவையும் உண்டு. ஏனென்று நான் சொல்லுமுன் அப்பாவே சொன்னார்: "மாடு ரெண்டும் சமமா நிக்கணும்ல. கோணலாப் பூட்டினா எப்படி இழுக்கும்?" என் வகுப்பில் இதுவரை ஒரு பிள்ளையும் இதைச் சொன்னதில்லை.

ஆன்டிபாடி ஏற்பியைத் தூண்டிவிடுவது ஆய்வகத்து அதிசயம் மட்டுமில்லை. பெரியம்மாவுக்கு கிரேவ்ஸ் நோய். தைராய்டு சுரப்பியின் மேல் இருக்கும் ஏற்பியை ஆன்டிபாடி ஓயாமல் தூண்டுகிறது, மார்கழியிலும் வேர்த்துக் கொட்டும்.

ஒன்றை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை. இந்த ஊசி போட்டுக்கொண்ட சிலரின் உடம்பு அந்த மருந்துக்கே ஆன்டிபாடி உண்டாக்கி, சொந்த ஹார்மோனையும் சேர்த்து முடக்கியிருக்கிறது. 2002இல் அப்படி 13 பேரைப் பற்றிய கட்டுரை வந்தது. குளிர் விட்டுப்போன மருந்தும் காரணமாக இருக்கலாம் என்று அப்போது சந்தேகித்தார்கள். மாதாமாதம் சீட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபினைத்தான். இந்த மாதம் 9.4.