வீலான் பிரிச்சா மட்டும் போதுமா?

டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு வீலான், அதாவது அதே சுவிட்சுக்குள்ளயே தனியாப் பிரிச்ச ஒரு நெட்வொர்க், போட்டாச்சு, இனிமே ஒரு எடத்துப் பிரச்சனை இன்னொரு எடத்துக்குப் போகாதுன்னு நிறைய பேர் நிம்மதியா இருக்காங்க, நான் வேலை பார்த்த பெரிய நெட்வொர்க் எல்லாத்துலயும் இந்த நினைப்பு இருந்துச்சு. ஆனா ட்ரங்க்ல (பல வீலானைச் சேத்துக் கொண்டு போற சுவிட்ச் டு சுவிட்ச் லிங்க்) எல்லா வீலானையும் அலவ் பண்ணி விட்டுட்டா, கடைசி பில்டிங்ல விழுற லூப் (டேட்டா முடிவில்லாம சுத்தறது) நடுவுல இருக்கற கோர் சுவிட்ச் வரைக்கும் வந்து நிக்கும். வீலான் வேற வேறயா இருந்தாலும் லிங்க்கும் சிபியுவும் ஒண்ணுதானே.

ஒரு ஃபேக்டரில நெட்வொர்க் ஸ்லோன்னு ரொம்ப நாளா கம்ப்ளெயின்ட். லூப் வராம சில லிங்க்கை பிளாக் பண்ற ஸ்பானிங் ட்ரீல ஒரு தலைமை சுவிட்ச் இருக்கும், அதுதான் ரூட், மத்ததெல்லாம் அதை வச்சுத்தான் பாதை எடுக்கும். இங்க ரூட் யாருன்னு பார்த்தா ஸ்டோர் ரூம்ல தூசி படிஞ்சு கெடந்த, யூசர் மெஷின் சொருகற ஒரு பழைய அக்சஸ் சுவிட்ச். ரூட்டைத் தேர்ந்தெடுக்கற பிரையாரிட்டி நம்பரை (சின்னதுதான் ஜெயிக்கும்) யாருமே செட் பண்ணல, எல்லாத்துலயும் டீஃபால்ட் 32768, சமமா இருந்தா மேக் அட்ரஸ் (சுவிட்ச் செய்யும்போதே பதிச்ச நம்பர்) சின்னதா இருக்கறதுதான் ஜெயிக்கும், அது பெரும்பாலும் பழைய சுவிட்சாதான் இருக்கும். விளைவு என்னன்னா ரெண்டு கோருக்கும் நடுவுல போட்ட 10 கிக் லிங்க் பிளாக்ல நிக்குது, டிராஃபிக் மொத்தமும் அந்த ஸ்டோர் ரூமோட 1 கிக் அப்லிங்க் வழியா சுத்திட்டுப் போகுது. கோர்ல 4096, இன்னொண்ணுல 8192 வச்சு, கீழ போற போர்ட்ல, அங்க இருக்கற சுவிட்ச் ரூட் ஆக விடாத ரூட் கார்டு போட்டதும் சரியாச்சு.

சிஸ்கோவோட ஸ்பானிங் ட்ரீ வகையான பிவிஎஸ்டில வீலானுக்கு ஒரு ட்ரீ. சின்ன எடத்துக்கு அது நல்லாவே இருக்கும், ஆனா 2960 மாதிரி அக்சஸ் சுவிட்ச்ல 128 ட்ரீதான் ஓடும், அதுக்கு மேல ஆக்டிவ்வா வர்ற வீலான்ல ஸ்பானிங் ட்ரீயே இருக்காது, அதுல ஒரு லூப் விழுந்தா தடுக்க ஆளே இல்ல. அதனாலதான் பெரிய எடத்துல எம்எஸ்டிங்கற இன்னொரு வகைக்குப் போறோம், பல வீலானைச் சேத்து ஒரே இன்ஸ்டன்ஸ்ல, அதாவது ஒரே ட்ரீல, போடலாம், பாதிக்கு ஒரு கோர் ரூட், மீதிக்கு இன்னொரு கோர் ரூட், ரெண்டு இன்ஸ்டன்ஸே தாராளம்.

இதுல ரெண்டு விஷயம் யாரும் முன்கூட்டி சொல்லித் தர்றதில்ல. ரீஜன் பேர், ரிவிஷன் நம்பர், வீலான் மேப்பிங் மூணும் அச்சு அசலா ஒண்ணா இருந்தாத்தான் ஒரே ரீஜன் (ஒண்ணா வேலை செய்யற சுவிட்ச் கூட்டம்), ஒரு சுவிட்ச்ல மட்டும் புது வீலானை மேப் பண்ணா அது ரீஜனை விட்டு வெளிய போயிடும். அதனால எதிர்காலத்துல வரப்போற வீலானையும் சேத்து ரேஞ்சாவே முதல் நாளே மேப் பண்ணிடணும். இன்னொண்ணு, ஒரே இன்ஸ்டன்ஸ்ல இருக்கற வீலான் 10-ஐ ஒரு ட்ரங்க்லயும் 20-ஐ இன்னொரு ட்ரங்க்லயும் மட்டும் அலவ் பண்ணா, எம்எஸ்டி வீலானைப் பார்க்காது, இன்ஸ்டன்ஸைத்தான் பார்க்கும், ஒரு ட்ரங்கை பிளாக் பண்ணிடும், அந்த வீலான் செத்துடும். கேபிள் நல்லாருக்கு, போர்ட் அப்ல இருக்கு, பிங் மட்டும் போகாது. இதை நைட் ஷிஃப்ட்ல தேடுறது எவ்வளவு கொடுமைன்னு பட்டவங்களுக்குத் தெரியும்.

2002 நவம்பர்ல பாஸ்டன்ல இருக்கற பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரி நெட்வொர்க் நாலு நாள் படுத்துடுச்சு, டாக்டருங்க பேப்பர்ல எழுதி வேலை பார்த்தாங்க. ஸ்பானிங் ட்ரீயோட டீஃபால்ட் டைமர் கணக்குப்படி ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா வர்ற சுவிட்ச் வரிசை ஏழுக்கு மேல போகக் கூடாது, அவங்க நெட்வொர்க் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து அதைத் தாண்டிப் போயிருந்துச்சு. அவங்க ஐடி தலைவர் (சிஐஓ) ஜான் ஹலம்கா இதை மறைக்காம வெளிய சொன்னாரு, அந்த நேர்மை மேல எனக்குப் பெரிய மரியாதை.

அதனால புது டிசைன் கையில வந்தா நான் முதல்ல பிடிவாதம் பிடிக்கறது மூணுக்குத்தான், வீலான் பில்டிங்கை விட்டு வெளிய போகக் கூடாது, அக்சஸுக்கும் கோருக்கும் நடுவுல இருக்கற டிஸ்ட்ரிப்யூஷன் சுவிட்ச்லயே ரூட்டிங் பண்ணிடணும், யூசர் போர்ட்ல யாராவது சுவிட்ச் சொருகினா போர்ட்டை மூடிடற பிபிடியு கார்டு இருக்கணும். சர்வர் டீம்தான் ஒத்துக்க மாட்டாங்க, விஎம்மை (வர்ச்சுவல் மெஷின்) ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்கு நகத்தணும், அதே ஐபி ரெண்டு பில்டிங்லயும் வேணும்பாங்க, அவங்க தேவையும் நியாயம்தான். அப்படி ஒரு வீலானை நீட்டியே ஆகணும்னா அது எந்தெந்த ட்ரங்க்ல போகுது, ரூட் எதுன்னு எழுதிக் குடுத்த பிறகுதான் சேஞ்சுக்கு நான் அப்ரூவல் குடுப்பேன்.