பேஸ் சோலோ வரும்போது

போன மாதம் நியூ ஜெர்சியில் ஒரு சின்ன தியேட்டருக்கு ஜாஸ் குவார்டெட் கேட்கப் போயிருந்தேன். தொண்ணூறு இருக்கை இருந்தால் அதிகம். மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் ஆறடி இடைவெளிகூடக் கிடையாது. டெனர் சாக்ஸபோன், பியானோ, ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ், டிரம்ஸ் என்று நாலு பேர். இரண்டாவது பாட்டில் சாக்ஸபோன்காரர் தன் சோலோவை, அதாவது தனி வாசிப்பை, முடித்தார், கை தட்டினார்கள். பியானோ முடிந்தது, மறுபடியும் கை தட்டினார்கள். அடுத்தது பேஸ். டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். பியானோக்காரர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பேஸ்காரரைப் பார்த்துத் திரும்பினார்.

அதே நொடியில் என் பின்வரிசையில் பேச்சு ஆரம்பித்தது. காரை எங்கே நிறுத்தியிருக்கிறோம், திரும்பும்போது எந்தச் சாலை நல்லது என்று. சத்தமாகப் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மேடையில் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததை விட அந்தப் பேச்சுதான் எனக்குத் தெளிவாகக் கேட்டது. சோலோ முடிந்ததும் அவர்களும் நன்றாகக் கை தட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால் அப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அப்பா கும்பகோணம் பக்கம் மிருதங்கம் வாசித்தவர். பெரிய சபாக்களுக்கெல்லாம் போனதில்லை. கோயில் உற்சவம், ராமநவமி, கல்யாண ரிசப்ஷன், பஜனை மடம். சின்ன வயதில் நானும் கூடப் போய் மேடைக்குப் பக்கவாட்டில், அவர் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலது பக்கம், தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். பெரிய உருப்படியில் ஸ்வரம் பாடி முடித்து, பாடகர் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டு, மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு இடம் விட்டதும் ஜமக்காளத்தில் இருந்தவர்கள் எழுந்திருப்பார்கள். மார்கழியில் சென்னை சபாக்களில் தனி ஆவர்த்தனம் வந்தால் கூட்டம் கேன்டீனுக்குக் கிளம்பும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் ஊரில் கேன்டீன் இல்லை, வாசலில் டீக்கடை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு ராமநவமியில் பாடகர் அப்பாவைப் பார்த்து ஆள்காட்டி விரலைச் சுழற்றிக் காட்டினார். சீக்கிரம் முடி என்று அர்த்தம். அப்பா அப்போதுதான் மும்மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடைக்கு மாறப் போகிறார். மாறவில்லை. அப்படியே முடிவுக்கான மோராவுக்குப் போய், கோர்வை வைத்து, முடித்துவிட்டார். வீட்டுக்கு நடந்து வரும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசிக்காமல் விட்ட திஸ்ர நடைக் கணக்கைத் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். அந்தத் தட்டல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அமெரிக்கா வந்து, ஜெர்சி சிட்டியில் குடியேறி, அலுவலக நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போய் முதல்முறை ஜாஸ் கேட்டபோது, பேஸ் சோலோவில் பேச்சு கிளம்பியதும் எனக்கு அந்த ஜமக்காளம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து நான் கச்சேரிக்குப் போனால் பாதிக் காது மேடையில், பாதிக் காது கூட்டத்தில்.

ஏன் பேஸுக்கு மட்டும் இப்படி ஆகிறது? கேட்பவர்களுக்கு மரியாதை இல்லை என்று முதலில் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. டபுள் பேஸின் கீழ்த் தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அவ்வளவு கீழே இருக்கும் ஒலிக்கு நம் காது மந்தம். மனிதக் குரல் அதற்கு எவ்வளவோ மேலே, காது நன்றாக விழித்திருக்கிற இடத்தில் இருக்கிறது. அதோடு, பேஸ் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற மூவரும் அடங்குகிறார்கள். பியானோ நின்றுவிடும், டிரம்ஸ் பிரஷ்ஷுக்கு இறங்கும். அந்த அடங்கலை, கேட்கிறவர்களில் பாதிப் பேர் இடைவேளை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இருபது நிமிடமாகப் பேச முடியாமல் இருந்தவர்களுக்கு இப்போதுதான் ஒரு சந்து கிடைக்கிறது. வாத்தியத்துக்கு வழிவிட உண்டாக்கிய அமைதியில் பேச்சு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதைச் சகிக்காத ஒரு மேதை உண்டு. சார்லஸ் மிங்கஸ். அவரே பேஸ் வாசிப்பவர், குழுவுக்கும் அவரே தலைவர். 1960இல் எரிக் டால்ஃபி, டிரம்பெட்டில் டெட் கர்சன், டிரம்ஸில் டேனி ரிச்மண்ட் என்று பியானோ இல்லாத ஒரு குவார்டெட் வைத்திருந்தார். அந்த அக்டோபரில் நியூயார்க் ஸ்டுடியோ ஒன்றில் அவர்கள் பதிவுசெய்த இசைத்தட்டை எடுத்துக் கேளுங்கள். எதிரே ஆளே இல்லாத அறையில், கிளப்பில் நிற்கிற மாதிரியே கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார். கை தட்டாதீர்கள், பானம் எடுத்து வராதீர்கள், கல்லாப்பெட்டி மணி அடிக்கக் கூடாது என்கிறார். எத்தனை ராத்திரி அந்தக் கல்லாப்பெட்டி மணி அவர் சோலோவுக்குள் விழுந்திருந்தால், காலி ஸ்டுடியோவில்கூட அவருக்கு அது நினைவுக்கு வந்திருக்கும்!

நியூயார்க்கில் நான் அடிக்கடி போகிற இடம் வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் கிளப். ஏழாவது அவென்யூவில் ஒரு சிவப்புக் கதவு, குறுகலான படி, கீழே இறங்கினால் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் ஒடுங்கிப் போகிற அடித்தள அறை. 1935இலிருந்து அதே இடத்தில் நடக்கிறது. 123 பேர் உட்காரலாம். செட் ஆரம்பிக்கும் முன்பே பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். தியேட்டரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வரிசையாக நாற்காலியும் இருட்டும் இருந்தால் ஜனம் தானாக அமைதியாகிவிடும் என்று நம்பிக்கை. மதுவும் மேஜையும் இருக்கிற கிளப்பில்தான் எனக்கு அதிக அமைதி கிடைத்திருக்கிறது, ஏனென்றால் அங்கே கேட்டு வாங்குகிறார்கள்.

ஆனால் அந்த அறையும் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பியானோக்காரர் பில் எவன்ஸ் அங்கே வாசித்ததைப் பதிவுசெய்தார்கள். அது மூவர் குழுதான், குவார்டெட் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேஸில் ஸ்காட் லஃபாரோ, வயது 25. ஹெட்போன் போட்டுக் கேட்டால் கண்ணாடிக் கோப்பைகள் இடிபடுவது, யாரோ சிரிப்பது, மேஜைப் பேச்சு எல்லாம் வந்து விழுகின்றன. லஃபாரோ வாசிக்கிறார், பின்னால் பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினோரு நாள் கழித்து, ஜூலை 6ஆம் தேதி, கார் விபத்தில் அவர் இறந்துபோனார். அன்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? தெரியாது. அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இருந்தும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்த மேஜைக்குப் போய், கொஞ்சம் கேளுங்கள், அவரைக் கேளுங்கள் என்று கெஞ்ச வேண்டும்போல இருக்கிறது.

அதே அறையில் நடந்த இன்னொன்று. 2001இல், ஒரு மெதுவான பாட்டை விண்டன் மார்சாலிஸ் டிரம்பெட்டில் முடிக்கப் போகிற நேரத்தில் ஒருவருடைய செல்போன் அடித்துவிட்டது. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு அந்த ரிங்டோனை அப்படியே ஸ்வரம் ஸ்வரமாக வாசித்தார். அதை மாற்றி மாற்றி வாசித்து, மெல்ல வேகத்தைக் குறைத்து, விட்ட இடத்துக்கே வந்து பாட்டை முடித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அங்கிருந்த ஒரு பத்திரிகையாளர் பிறகு எழுதியதால் நமக்கு இது தெரிகிறது. வியக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் டிரம்பெட்டுக்கு அந்த வலு இருக்கிறது, ஒரு ஊதலில் அறையைத் தன் பக்கம் திருப்பிவிடும். பேஸ்காரரால் அது முடியாது.

கைதட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சோலோவுக்கும் தட்டுவது ஜாஸ் வழக்கம், நல்ல வழக்கம். தியேட்டர்களில் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் தட்டலாமா வேண்டாமா என்று முதல் சோலோவில் தயங்குவார்கள். ஒருவர் ஆரம்பித்ததும் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். சிக்கல் என்னவென்றால், ஜாஸில் ஒரு சோலோவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடமே கிடையாது. சாக்ஸபோனுக்கு நாம் தட்டுகிற தட்டலில் பியானோவின் முதல் இரண்டு மூன்று பார் (தாளத்தின் சின்னச் சின்னப் பகுதி) போய்விடுகிறது. பல பியானோக்காரர்கள் அந்த இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டு, சத்தம் அடங்கியதும்தான் முதல் சொல்லை எடுக்கிறார்கள். கவனித்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது நடுவில் வருகிற சின்னச் சத்தங்கள். நம் கச்சேரிகளில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் ஒரு பிடிக்கு "ப்ச்" என்று தலையை ஆட்டுவாரே, அது. வேன்கார்டில் ஒரு முதியவரைப் பல முறை பார்த்திருக்கிறேன், சுவரோரம் உட்காருவார். கை தட்டவே மாட்டார். நல்ல இடம் வந்தால் அடித்தொண்டையில் "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" மேடைக்குக் கேட்கிறது. பாட்டு மறுபடி முதலிலிருந்து சுற்றி வரும்போது டிரம்மர் அதே இடத்தை இன்னும் கொஞ்சம் அழுத்துவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாலு நாலு பாராக டிரம்மரும் மற்றவர்களும் மாற்றி மாற்றி வாசிக்கும்போது அறை முழுக்கச் சிரிப்பு வரும். தனியில் மிருதங்கமும் கடமும் கணக்கைக் குறைத்துக்கொண்டே மாற்றி மாற்றிக் குறைப்பு வாசிக்கும்போது வருகிற அதே சிரிப்பு. எதிராளி சொன்னதை இவர் எப்படித் திருப்பப் போகிறார் என்று எல்லோரும் காத்திருக்கிற சந்தோஷம் அது.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூன் ராத்திரியைப் பற்றி. வாரநாள், வேன்கார்டில் பத்து மணி செட். பத்து மணி செட்டுக்குக் கூட்டம் குறையும், வாசிப்பவர்களும் அவசரப்பட மாட்டார்கள். அறையில் பாதிதான் நிரம்பியிருந்தது. மெதுவான ஒரு பழைய பாட்டு. பாட்டு முழுதாக ஒருமுறை வருவது ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு 32 பார், பாருக்கு நாலு அடி, மொத்தம் 128 அடி. எட்டு அடிக்கு ஒரு ஆவர்த்தனம் என்று நம் கணக்கில் ஆதி தாளம் 16 ஆவர்த்தனம். நான் எப்போதும் மடியில் விரல் எண்ணித் தாளம் போட்டுக்கொண்டுதான் கேட்பேன், சுற்று எங்கே திரும்புகிறது என்று தெரிய அதுதான் எனக்கு வழி.

பேஸ் சோலோ வந்தது. பியானோ நின்றது. பிரஷ்கூட நின்றுவிட்டது, டிரம்மர் காலால் மட்டும் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டை மெல்ல மூடித் திறந்துகொண்டிருந்தார். முதல் சுற்றில் பேஸ்காரர் பாட்டின் மெட்டை விட்டு அதிகம் விலகவில்லை. பின்னால் மது ஊற்றும் கவுண்டரில் ஐஸ் அள்ளும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. இரண்டாவது சுற்றில் பாதி ஸ்வரங்களை விட்டுவிட்டார், இடைவெளிகளை வைத்தே வாசித்தார். பேச்சு எங்காவது கிளம்பும் என்று நான் தோளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பவில்லை. மூன்றாவது சுற்று முடியும்போது சாக்ஸபோன்காரர் வாத்தியத்தைத் தூக்கினார். பேஸ்காரர் தலையை லேசாக ஆட்டினார். சாக்ஸபோன் இறங்கிவிட்டது. நாலாவது சுற்றில் மேல் ஸ்தாயிக்குப் போய், கட்டை விரலைத் தந்தியில் அழுத்தி, கிட்டத்தட்டப் பாடினார். சுவரோரப் பெரியவர் இரண்டு முறை "ம்ம்" என்றார். முடிந்ததும் யாரும் உடனே தட்டவில்லை. குழு மெட்டை எடுத்து இரண்டு பார் போன பிறகுதான் கைதட்டல் வந்தது, அதுவும் மெட்டை மூடிவிடாத அளவுக்கு.

வெளியே படிக்கட்டில் நிற்கும்போது அந்த பேஸ்காரர் வந்தார். மடியில் என்ன எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். மேடையிலிருந்து என் விரல்கள் தெரிந்திருக்கின்றன. தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று செய்து காட்டினேன். ஒருமுறை தானும் செய்து பார்த்தார். அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் இன்னொரு சுற்று எடுத்தேன் என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

கிறிஸ்டோபர் தெரு வரை நடந்து, ரயில் பிடித்து ஜர்னல் ஸ்கொயரில் இறங்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. இந்தியாவில் காலை பத்து மணி ஆகப்போகிறது, அப்பா காபி குடித்து முடித்திருப்பார். பிளாட்ஃபாரத்திலிருந்தே போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். பேஸ் என்றால் எவ்வளவு உயரம், வில் வைத்து வாசிப்பார்களா விரலாலா என்று கேட்டார். விரலால் என்றேன். அப்புறம் கணக்குக்கு வந்தார்.

"எத்தனை ஆவர்த்தனம் வாசிச்சார்?"

"நாலு சுற்றுப்பா. அறுபத்து நாலு."

"யாரும் எழுந்திருக்கலையா?"

"ஒருத்தர்கூட எழுந்திருக்கலை."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. போனில் தட்டல் கேட்டது, மேஜையிலோ தொடையிலோ தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன், திஸ்ரம்.

"அவ்வளவு நேரம் விட்டாங்களா?" என்றார்.