30 விநாடி காத்திருக்கச் சொல்லியும் உடனே வந்த லாக் பிழை

ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் எட்டு த்ரெட், எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பு. ஒவ்வொரு த்ரெட்டும் அட்டவணையில் இருந்து ஒரு வேலையை எடுத்து, இணையத்தில் தரவை இறக்கி, முடிவைத் திரும்ப எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒரு த்ரெட்டில் ஓட்டியபோது எந்தக் குறையும் இல்லை. எட்டாக்கியதும் 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' (டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது) என்று பிழை விழத் தொடங்கியது, எப்போது, எந்த த்ரெட்டில் விழும் என்று சொல்லவே முடியவில்லை.

ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி கனெக்‌ஷன் ஏற்கெனவே கொடுத்திருந்தேன், அதனால் சந்தேகம், லாக் விடுபடும் வரை நிற்கும் காத்திருப்பு நேரத்தின் மேல் போனது. பைத்தானில் அது இயல்பாக 5 விநாடி, நான் 30 ஆக்கினேன். பிழைகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. அப்புறம்தான் ஒவ்வொரு பிழைக்கும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பதிவு செய்து பார்த்தேன். சில பிழைகள் 30 விநாடி முழுக்கக் காத்திருந்து வந்தன, மற்றவை கேட்ட மாத்திரத்தில் வந்துவிட்டன. இரண்டும் ஒரே பிழைச்செய்தி என்பதால் ஒரே நோய் என்று நினைத்து இரண்டு நாள் வீணானது.

உடனே வந்தவற்றின் காரணம் இதுதான். என் நிரல் சாதாரண 'பிகின்' போட்டு ஒரு டிரான்ஸாக்‌ஷனை (ஒன்றாக நிறைவேற வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) தொடங்கி, முதலில் படித்து, அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் பிறகு எழுதியது. சாதாரண பிகின் தொடங்கும்போது எந்த லாக்கையும் எடுக்காது. படிக்கும்போது படிப்பு லாக், எழுதும்போதுதான் எழுத்து லாக். இரண்டு த்ரெட்கள் இப்படிப் படித்துவிட்டு இரண்டுமே எழுத வந்தால், ஒன்று மற்றதற்கு வழிவிடும் வரை எத்தனை விநாடி நின்றாலும் பயனில்லை, அதனால் எஸ்க்யூலைட் காத்திருக்காமல் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அது சரியான முடிவுதான், அங்கே காத்திருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்தே முடங்கும் டெட்லாக் ஆகிவிடும். எழுதப்போகிற டிரான்ஸாக்‌ஷன்களை எல்லாம் 'பிகின் இமீடியட்' என்று மாற்றினேன், முதலிலேயே எழுத்து லாக்கைக் கேட்டு வரிசையில் நிற்கும். உடனே வந்த பிழைகள் அன்றே நின்றன. இந்தப் பிழை வந்தால் தோற்ற அந்த ஒரு கட்டளையை மட்டும் திரும்ப ஓட்டிப் பயனில்லை, முழு டிரான்ஸாக்‌ஷனையும் ரோல்பேக் செய்து, அதாவது ரத்து செய்து, முதலில் இருந்து தொடங்க வேண்டும், நான் இதையும் தவறாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

30 விநாடி காத்து விழுந்தவை வேறு கதை. டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டே தரவை இறக்கினேன், இணையம் மெதுவானால் மற்ற ஏழும் வாசலில் நின்றன. இறக்குவதை வெளியே கொண்டுவந்து, எழுதுவதற்கு மட்டும் டிரான்ஸாக்‌ஷன் திறந்து உடனே கமிட் செய்து முடித்தேன்.

கூடவே வால் (WAL) முறைக்கும் மாறினேன், மாற்றங்களை முதலில் தனியான ஒரு வால் கோப்பில் எழுதும் முறை அது, எஸ்க்யூலைட்டில் 2010இல் 3.7.0 பதிப்பில் வந்தது. எழுதுபவர் அப்போதும் ஒருவர்தான், ஆனால் படிப்பவர்கள் அவரால் தடைபடுவதில்லை. இந்த அமைப்பு கோப்பிலேயே தங்கிவிடும், காத்திருப்பு நேரம் அப்படி இல்லை, ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

வால் கோப்பு மட்டும் ஏன் வீங்கிக்கொண்டே போகிறது என்று ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். அறிக்கை எடுக்கும் த்ரெட் ஒரு கர்சரை (முடிவுகளை வரிசையாகப் படிக்க உதவுவது) பாதி படித்துவிட்டு மூடாமல் விட்டிருந்தது, அந்தப் படிப்பு முடியாததால் வால் கோப்பைக் காலி செய்து மீண்டும் பயன்படுத்த முடியவில்லை. அதை மூடியதும் வீக்கம் நின்றது.