நல்ல தண்ணீர் வரும் இரவுகள்

6 ஜூலை 2025

நள்ளிரவு 12.30 மணிக்குச் சுவருக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் தடதடவென்று சத்தம் கேட்டது. வாசற்கதவைத்தான் தட்டுகிறார்கள் என்று எண்ணி அம்மா எழுந்து விளக்கைப் போட்டுவிட்டார். சற்று நேரம் இடித்துவிட்டுத் தானாகவே நின்றது. அப்போது மோட்டார் ஓடவில்லை. வாஷிங் மெஷினும் அணைந்திருந்தது. இனி எப்போதெல்லாம் கேட்கிறது என்று குறித்து வைக்கப் போகிறேன்.

8 ஜூலை

இரண்டு இரவுகளாகச் சத்தமே இல்லை. வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் திறந்து சட்டென்று மூடிப் பார்த்தேன், ஒன்றும் அதிரவில்லை. அவையெல்லாம் மாடித் தொட்டியிலிருந்து குறைந்த அழுத்தத்தில் வரும் உப்புத் தண்ணீர்க் குழாய்கள்.

11 ஜூலை

இன்றிரவு மீண்டும் கேட்டது. எங்கள் வடவள்ளித் தெருவுக்கு நல்ல தண்ணீர் வந்ததும் இன்றுதான். ஆறாம் தேதியும் அப்படியே. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், அந்தத் தண்ணீர் வந்து விழும் நிலத்தடித் தொட்டியான சம்ப்பின் மூடியைத் திறந்தவுடன் காரணம் கண்ணெதிரே தெரிந்தது. தொட்டி ஏறக்குறைய நிறைந்திருக்க, மேலிருந்து கொட்டும் நீர் எழுப்பிய அலையில் மிதவைப் பந்து ஏறியிறங்கிக்கொண்டிருந்தது. பந்து ஏறும்போதெல்லாம் வால்வு மூடிக்கொள்ள, இறங்கும்போதெல்லாம் திறந்துகொள்ள, ஒவ்வொரு மூடலுக்கும் சுவரோரத்து இரும்புக் குழாய் ஓர் உதறு உதறியது.

12 ஜூலை

காலையில் பிளம்பர் வந்து பார்த்தவுடனே, “சொவத்தைக் கொத்திப் பழைய பைப்பை எடுத்துப் போடலாமுங்க அக்கா” என்றார். எனக்கு உடன்பாடில்லை. ஓடுகிற நீரைத் திடீரென்று நிறுத்தினால் அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறி, அலையாகக் குழாயில் முன்னும் பின்னும் ஓடும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் நீர் இரும்புக் குழாயில் சட்டென்று நின்றால், 130 மீட்டர் உயரத் தண்ணீரின் பாரத்துக்கு ஈடான அழுத்தம் அந்தக் கணத்தில் எழக்கூடும். ரஷ்ய அறிஞர் ஜுக்கோவ்ஸ்கி மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் 1897-98இல் சோதித்து எழுதிய கணக்கு இது. பிளாஸ்டிக் குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் அடி குறையும் என்பது உண்மைதான். ஆனால் அடிக்கிற வால்வை அப்படியே விட்டுவிட்டு, அடிபடுகிற குழாயை மட்டும் மாற்றி என்ன பயன்? (பலூன் விட்ட மோன்கோல்ஃபியே இதே அடியை 1796இல் வேலைக்கு வைத்து, மின்சாரமோ எண்ணெயோ இல்லாமல் நீரை மேட்டுக்கு ஏற்றும் கருவி செய்தார். எங்கள் வீட்டில் அது தூக்கத்தைக் கெடுப்பதோடு சரி.)

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் குழாயைக் கையால் ஆட்டிப் பார்த்தார். அதைச் சுவரோடு பிடித்திருக்கும் நான்கு கிளாம்புகளில் இரண்டுக்குத் திருகாணியே இல்லை. “இதைப் பாக்காம உட்டுட்டனுங்க” என்று அவரே சிரித்துக்கொண்டார்.

13 ஜூலை

வால்வின் வாஷர் தேய்ந்திருந்தது. பந்துக் கம்பியின் ஆணியும் தளர்ந்து ஆடியது. வால்வையே புதிதாக மாற்றினோம். தண்ணீர் விழுந்து அலை எழாதிருக்க, அதன் வாயில் ஒரு குழாயை இணைத்து நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கினார். அப்படி இறக்கினால், தெருவில் அழுத்தம் குறையும்போது சம்ப்பு நீர் பின்னோக்கி உறிஞ்சப்படலாம் என்பதால், நீர்மட்டத்துக்கு மேலே அதில் ஒரு சிறு துளையும் இடச் சொன்னேன். நீர் வரும் வேகம் குறைய, மீட்டரை அடுத்த கேட் வால்வைப் பாதியாகக் குறைத்தோம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே வைத்துக் கிளாம்புகளை முடுக்கினார். மொத்த வேலையில் மிகவும் மலிவானது அதுதான்.

16 ஜூலை

தண்ணீர் வந்தது. தொட்டி நிறையக் கூடுதலாக அரை மணி நேரம் பிடித்தது. முடிவில் ஒரே ஒரு மெல்லிய தட்டல், பிறகு சீறல் மட்டும்.

18 ஜூலை

இரவுச் சத்தம் போன பிறகுதான் பகற்சத்தம் காதில் விழுகிறது. மோட்டாரை நிறுத்தியவுடன் மாடிக்கு ஏறும் குழாயின் அடியில் ‘தொம்’ என்று ஓர் இடி. மேலேறிய நீர் திரும்பி இறங்கி, திரும்பாமல் தடுக்கும் வால்வை அறைந்து மூடுகிறது. நீர் திரும்புமுன்பே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு போட்டால் தணியும். பிளம்பரை அழைத்தேன். ஆடிப் பதினெட்டுக்குப் பவானிக் கூடுதுறைக்குப் போய் வந்துவிட்டு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.