வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் சொல்

பழைய புத்தகங்களைப் பிரித்து, மீண்டும் தைத்து, அட்டை போட்டுக் கொடுக்கும் பைண்டிங் தொழில் என்னுடையது. பட்டறையில் நானும் உதவிக்கு ஒருவரும் மட்டுமே. அண்மையில் சொந்தத் தொழில் தொடங்கிய நண்பர் ஒருவர், இணையத்தில் விளம்பரம் செய்ய எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் முதல் ஓராண்டில் எனக்கு வீணானதுபோல இன்னொருவருக்கும் பணமும் நேரமும் வீணாகக்கூடாது.

நான் முதலில் செய்தது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வலைத்தளம் என எல்லா இடத்திலும் ஒரே நாளில் கணக்குத் தொடங்கி, ‘மரபுசார் நூற்கட்டுமானக் கலையகம்’ என்று பெயருக்குக் கீழே எழுதி வைத்ததுதான். அழகான படங்களைப் போட்டேன். சில பதிவுகளைப் பணம் கொடுத்து பூஸ்ட் செய்தேன், அதாவது கூடுதல் பேருக்குக் காட்டச் செய்தேன். விருப்பக்குறிகள் நிறைய வந்தன. அவற்றில் பெரும்பாலானவை என்னைப் போலவே பைண்டிங் செய்கிறவர்களும் கைவினைப் பொருள்களை ரசிப்பவர்களும் போட்டவை. அந்தப் பதிவுகளைப் பார்த்து வேலை கொடுக்க ஒருவரும் வரவில்லை.

தெளிவு பிறந்தது ஒரு மாலையில் வாட்ஸ்அப்பைத் திறந்து பழைய உரையாடல்களை முதலிலிருந்து படித்தபோதுதான். “தாத்தாவோட டிக்‌ஷனரி, பக்கமெல்லாம் கழண்டு வருது, சரி பண்ண முடியுமா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். “தீசிஸ் புதன்கிழமை கொடுக்கணும், ஹார்டு பைண்டிங் எத்தனை நாள் ஆகும்?” என்று இன்னொருவர். நூற்கட்டுமானம் என்ற சொல்லை ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை. தேடுபொறியில் அவர்கள் எதைத் தட்டச்சு செய்திருப்பார்கள் என்பது எனக்கு வந்த செய்திகளிலேயே இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இது: வாடிக்கையாளர்கள் உங்களிடம் கேட்ட கேள்விகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். இன்னும் வாடிக்கையாளரே இல்லையென்றால், அந்தச் சிக்கல் உள்ள ஐந்தாறு பேரிடம் பேசி அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு என் வலைத்தளத்தை மாற்றினேன். ‘எங்கள் சேவைகள்’ என்ற ஒரே பக்கத்தை நீக்கிவிட்டு, பக்கம் கழன்ற புத்தகத்துக்கு ஒன்று, முதுகு கிழிந்த புத்தகத்துக்கு ஒன்று, தீசிஸ் பைண்டிங்குக்கு ஒன்று எனத் தனித்தனிப் பக்கங்கள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம், ஆகும் நாள், எதைச் சரிசெய்ய இயலாது என்ற விவரம் ஆகியவற்றைச் சேர்த்தேன். தாளின் மூலையை மடித்தால் அப்படியே ஒடிந்து விழும் அளவுக்கு அமிலம் ஏறிய பழைய புத்தகத்தைத் தைக்க இயலாது, ஊசி போன துளையிலேயே அது கிழிந்துவிடும் என்று வெளிப்படையாக எழுதினேன். இயலாததைச் சொன்னதால் வாடிக்கையாளர்கள் குறையவில்லை. கேட்டு வந்தவர்கள் பலர் அந்த வரியைப் படித்துத்தான் நம்பிக்கை வந்தது என்றார்கள்.

இதற்குத் துணையாகக் கட்டாயம் பழக வேண்டிய கருவி கூகுள் சர்ச் கன்சோல். இலவசமானது. எந்தெந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் தேடல் முடிவில் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைக் கடந்த 16 மாதங்கள் வரை அதில் பார்க்கலாம். ஒரு சொல்லுக்கு முதல் பக்கத்திலேயே பலமுறை காட்டப்பட்டும் யாரும் சொடுக்கவில்லை என்றால், பக்கத்தின் தலைப்பு தேடியவரின் தேவையைத் தொடவில்லை என்று எடுத்துக்கொண்டு அதைத் திருத்துவேன். திருத்தியதன் பலன் தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம் என்பதால் தினமும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

நேரில் வந்து பெறும் சேவையாக இருந்தால், வலைத்தளத்துக்கும் முன்பே, கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் நம் கடையின் விவரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலைச் சரிசெய்துவிட வேண்டும். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டது இதுதான். உள்ளூர்த் தேடலில் தேடலோடு பொருந்துதல், தொலைவு, அறியப்பட்ட நிலை ஆகிய மூன்றையும் முதன்மையாகப் பார்ப்பதாகவும், பணம் கொடுத்து அந்த வரிசையில் மேலே வர இயலாது என்றும் கூகுளே சொல்கிறது. தொலைவை நாம் மாற்ற இயலாது. தொழில் வகையைச் சரியாகத் தேர்வதும், திறந்திருக்கும் நேரத்தை உண்மையாக வைத்திருப்பதும் நம் கையில் உள்ளன. ரிவ்யூ கேட்கத் தயங்க வேண்டாம், ஆனால் அதற்காகத் தள்ளுபடி தருவதாகச் சொல்லக்கூடாது, அது விதிமீறல். வேலை முடித்துக் கொடுத்த அன்றே, என்ன சிக்கலோடு வந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்கிறேன். அடுத்து வருகிறவருக்கும் அதே சிக்கல் இருக்கும்.

பணம் கட்டும் விளம்பரத்துக்கு இதன் பிறகே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூகுள் தேடல் விளம்பரத்தில் நாம் கொடுக்கும் சொல்லை எவ்வளவு விரிவாகப் பொருத்துவது என்று ஓர் அமைப்பு உண்டு. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் அது மிக விரிந்த பொருத்தத்தையே எடுத்துக்கொள்ளும், அதாவது நம் சொல்லோடு தொடர்புள்ள வேறு தேடல்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும். இதை அறியாமல் ‘புக் பைண்டிங்’ என்று மட்டும் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துத் தேடல் சொற்களின் அறிக்கையைத் திறந்தேன். பைண்டிங் மெஷின் விலை, பைண்டிங் வேலைவாய்ப்பு, ஸ்பைரல் பைண்டிங் பொருள்கள் என்று தேடியவர்களின் சொடுக்குகளுக்கெல்லாம் நான் பணம் கட்டியிருந்தேன். மெஷின், வேலைவாய்ப்பு, ஸ்பைரல் ஆகியவற்றை, அவை உள்ள தேடலுக்கு விளம்பரம் காட்டப்படாதபடி விலக்குச் சொற்களாகச் சேர்த்து, பொருத்தத்தையும் இறுக்கமாக்கிய பிறகுதான் அந்தச் செலவு பொருளுள்ளதாயிற்று. அந்த அறிக்கையை முதல் மாதத்தில் வாரம் இருமுறையாவது பாருங்கள்.

சமூக ஊடகத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் அங்கே யாருக்கு எது காட்டப்படும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்து, தொழில் பக்கங்களின் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளியதை நினைவில் வைக்க வேண்டும். ஆகவே வேலை கொடுத்தவர்களின் மின்னஞ்சலையோ எண்ணையோ, அவர்கள் சம்மதத்தோடு, என் சொந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் அனுப்புவது, நம் எண்ணைத் தம் தொடர்பில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும், எதைத் தேடி எங்களைக் கண்டீர்கள் என்று இன்றும் கேட்டு எழுதி வைக்கிறேன். சென்ற வாரம் ஒரு தாயார் குழந்தையின் படப் புத்தகத்தோடு வந்தார். “கடையெல்லாம் தேடலைங்க, கிழிஞ்ச புத்தகத்தை வீட்டிலேயே எப்படி ஒட்டுறதுன்னுதான் தேடினேன்” என்றார். அவர் கொண்டுவந்த புத்தகத்தில் ஏற்கெனவே செல்லோடேப் ஒட்டி, பசை மஞ்சளாகி எழுத்தின்மேல் இறங்கியிருந்தது. வீட்டிலேயே ஒட்ட நினைப்பவர்களுக்கென்று என் தளத்தில் ஒரு பக்கம்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செல்லோடேப் ஏன் கூடாது, மெல்லிய தாளும் மாவுப்பசையும் கொண்டு ஒரு கிழிசலை எப்படி இணைப்பது, எந்த நிலையில் எங்களிடம் கொண்டுவர வேண்டும் என்று படங்களோடு இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பாக அவர் தேடியதையே வைத்திருக்கிறேன்.